கடலுக்கடியில் சிரிக்கக் கூடாது

கள்ளக்குறிச்சியில் கடல் கிடையாது. மொட்டை மாடியில் ஏறி எந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் கரும்புதான் தெரியும். ஆனாலும் கடலுக்கு அடியில் காது அடைத்தால் என்ன செய்ய வேண்டும், முகக்கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை எப்படி வெளியேற்ற வேண்டும், மேலே வரும்போது ஏன் அவசரப்படக் கூடாது என்பதெல்லாம் எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர் முதல் எல்லோருக்கும் அத்துப்படி. இந்தியாவிலேயே இப்படி ஒரு தெரு கிடையாது என்று நான் சத்தியம் செய்யத் தயார். காரணம் ஒரே ஆள். சிலிண்டர்.

வீடு வீடாக கேஸ் சிலிண்டர் கொண்டுவந்து போடுகிறவர் அவர். ரேஷன் கார்டில் வேறு ஏதாவது பெயர் இருந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியாது. அவர் மனைவி அஞ்சலை அக்காவே "எங்க வூட்டு சிலிண்டரு" என்றுதான் சொல்வார். ஐம்பதைத் தொடப்போகிற வயது. இருபத்தைந்து வருஷம் சுமந்ததில் வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்திருக்கும். மூக்குக்குக் கீழே ஒரு மீசை. தெருமுனையில் அவர் திரும்பினால் முதலில் மீசை வரும், அப்புறம் சிலிண்டர் வரும், கடைசியில்தான் அவர் வருவார்.

சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புகிற வழக்கமே அவரிடம் இல்லை. மூடியைத் திறந்து, உள்ளே ரப்பர் வாஷர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கித் தடவி, குமிழி வருகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பார். ஒரு குமிழி வந்தால் போதும், சிலிண்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். "சாதம் கொதிச்சுக்கிட்டிருக்கு" என்று யார் கெஞ்சினாலும் கேட்க மாட்டார்.

இன்னொரு விஷயம், அவருக்குச் சிரிப்பு அதிகம். ஆடு தும்மினால் சிரிப்பார். மினி பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் தகரத்தைத் தட்டுவதைப் பார்த்துச் சிரிப்பார். எங்கள் வீட்டு குக்கர் விசில் அடித்ததற்கு ஒரு நாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஊரில் அவரைச் சிரிக்கவைக்காத ஒரே பொருள், வாரப் பத்திரிகையில் நான் எழுதிக்கொண்டிருந்த நகைச்சுவைக் கட்டுரை. புத்தகம் வந்ததும் ஆசையாக அவரிடம் கொடுப்பேன். வாசற்படியில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். முகத்தில் ஓர் அசைவு இருக்காது. மடித்துத் திருப்பிக் கொடுத்து, துக்கம் விசாரிக்கிற குரலில் "நல்லா கீதுங்க சார்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை என் வீட்டில் சிலிண்டரை இறக்கிவிட்டு, வாஷரைப் பார்க்காமல் நின்றார். ஏதோ நடந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

"சார், சிலிண்டரு கனமே இல்ல சார்" என்றார்.

காலி சிலிண்டரைக் கொண்டுவந்து போட்டுவிட்டாரோ என்று நான் ஆட்டிப் பார்த்தேன். அது இல்லை விஷயம். முந்தின வாரம் அஞ்சலை அக்காவின் அண்ணன் மகனுக்குப் புதுச்சேரியில் கல்யாணம். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் மறுநாள் கடலுக்குள் முக்குளிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். அதில் ஒருவனுக்குக் கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போக, இடம் வீணாகப் போகிறதே என்று சிலிண்டரைப் படகில் ஏற்றிவிட்டார்கள்.

"இருபத்தஞ்சு வருஷமா சிலிண்டரத் தூக்கினு திரியறேன். படகுல எம் முதுவுல ஒன்ன கட்டினாங்க, அதே கனம்தான். தண்ணிக்குள்ள போனேன் பாருங்க, கனம் எங்க பூட்சின்னே தெரியல. தரையில காலு இல்ல. ஆனா வுழல. அப்பிடியே நிக்கிறேன் சார்!"

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். அங்கே தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்குமாம். மூணாவது மாடிக்குக் கொண்டு வா என்று யாரும் மேலேயிருந்து கத்த மாட்டார்களாம். மீன்கள் பயப்படாமல் முகத்துக்கு நேரே வந்து, யார் இந்த ஆள் என்று பார்த்துவிட்டுப் போகுமாம். "இத்தினி வருஷமா குமிழி வந்தா எனக்குப் பயம் சார். அங்க குமிழி வந்தாத்தான் உசுரு" என்று சொன்னபோது அவர் கண் பளபளத்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே புல்லரித்தது. பக்கெட் தண்ணீரைக் கண்டாலே பின்வாங்குகிற ஜாதி நான்.

ஒரே ஒரு குறைதான் அவருக்கு. அது சுற்றுலாக்காரர்களுக்கான முக்குளிப்பு என்பதால், சொல்லிக்கொடுக்கிறவர் பிடித்த பிடியை விடவில்லை. கோழியைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் கழுத்துப்பட்டையைப் பிடித்தே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். யாரும் பிடிக்காமல், ஜோடி ஆளோடு சரிக்குச் சரியாக நீந்த வேண்டுமென்றால் அதற்கு ஒரு படிப்பு இருக்கிறது. நாலு தடவை கடலில் இறங்கிச் சொன்னதையெல்லாம் செய்து காட்டினால் ஒரு கார்டு கொடுப்பார்கள். அந்தக் கார்டுதான் இனி சிலிண்டருக்கு எல்லாம்.

முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வாங்கிவிட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டே கேஸ் போட வருவார். பார்க்கிறவர்களுக்கெல்லாம் பாடம் நடந்தது. கல்வராயன் மலைக்கு லோடு ஏற்றிப் போகும் நாட்களில், மலையிலிருந்து இறங்கும்போது காது அடைக்குமல்லவா, அதையே பயிற்சியாக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். தான் செய்ததோடு நிற்காமல் டிரைவரையும் லோடுமேனையும் செய்யவைத்தார். கேஸ் ஏற்றிய லாரியில் மூன்று பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? அடிவாரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம் முழுக்கச் சோளக்கொல்லைக்குள் இறங்கி ஓடியது. என்னவோ ஏதோ என்று இவர்களும் லாரியை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே ஓடியிருக்கிறார்கள்.

அடுத்தது கிணறு. வடக்கனந்தலில் தெரிந்த விவசாயி ஒருவரின் கிணற்றில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இறங்குவார். மூச்சுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, கையையும் காலையும் பரப்பிப் போட்டு அசையாமல் மிதப்பார். அசைந்தால் கெண்டை மீன் ஓடிவிடும் என்பது அவர் கவலை. எங்கள் மாவட்டத்தில் கிணற்றில் ஓர் ஆள் குப்புற மிதந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மரவள்ளிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் தண்ணீர் குடிக்க வந்தார்கள், பார்த்தார்கள், அலறினார்கள். அரை மணி நேரத்தில் கயிறு வந்தது, கயிற்றுக் கட்டில் வந்தது, பாதி ஊர் வந்தது. ஒரு பெரியம்மா, யார் பெற்ற பிள்ளையோ என்று ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்.

சத்தம் கேட்டுச் சிலிண்டர் தலையைத் தூக்கினார். குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னாங்க கூட்டம்? எவனாச்சும் வுழுந்துட்டானா?" என்று அக்கறையாகக் கேட்டார். பிணம் பேசியதும் கூட்டத்தில் கட்டில் கொண்டுவந்தவர்தான் முதலில் ஓடினார் என்று கேள்வி. அன்றிலிருந்து அவர் கிணற்றில் இறங்கினால், விவசாயி மேலே ஒரு சிலேட்டை மாட்டிவைப்பார். 'உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறார்' என்று அதில் எழுதியிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போனார். சொல்லிக்கொடுத்தது இருபத்தாறு வயதுப் பெண். சிலிண்டர் அவளை டீச்சர் என்பார், அவள் இவரை அண்ணா என்பாள். நீச்சல் குளத்தில் எல்லாம் அமர்க்களமாகச் செய்தார். கடலில் இறங்கினார், பொடி மீன் கூட்டம் ஒன்று வந்து இவரைச் சுற்றிக்கொண்டது, சிரித்துவிட்டார். சிரித்தால் கன்னம் மேலே ஏறும், கன்னம் ஏறினால் கண்ணாடி தூக்கும், தண்ணீர் உள்ளே வரும். சிரிக்கச் சிரிக்கச் சிலிண்டரில் இருக்கிற காற்றும் மளமளவென்று தீர்ந்துபோகும். பன்னிரண்டே நிமிஷத்தில் டீச்சர் அவரை மேலே கொண்டுவந்துவிட்டாள்.

இரண்டாவது தடவை, தண்ணீர் புகுவதற்கு மீசையும் ஒரு காரணம் என்று டீச்சர் சொன்னதைக் கேட்டு, மீசை நிறைய விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு போனார். கண்ணாடி வழுக்கிக்கொண்டு மோவாய்க்கு வந்துவிட்டது. அந்தக் கோலத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி பன்னிரண்டு நிமிஷம்.

டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அண்ணா, மீசைய எடுத்துருங்க. சிரிப்பை அடக்கப் பழகுங்க. இன்னொரு தடவைதான் பார்ப்பேன். அப்பவும் இப்படின்னா கார்டு கிடையாது. உங்க உயிரோட நான் விளையாட முடியாது."

மீசையை எடுப்பது லேசான காரியமா? எங்கள் பக்கத்தில் மீசை வைத்த மனிதன் அதை எடுக்கிறான் என்றால், அப்பா போய்விட்டார் என்று அர்த்தம். சிலிண்டரின் அப்பாவோ சங்கராபுரத்தில் எண்பது வயதில் மூன்று வேளையும் திருப்தியாகச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். சிலிண்டர் மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள், ஒரு புதன்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல் சலூனில் போய் உட்கார்ந்தார்.

சலூன்காரர் கத்தியை எடுக்குமுன், "அப்பா எப்போ?" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, மீனு பாக்கறதுக்கு" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரைத்திருக்கிறார். அப்புறம் ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் பெரிய ரோஜா மாலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினேன். வீட்டு முன்னால் அதற்குள் பத்துப் பதினைந்து பேர். பந்தல்காரர் இரண்டு கால் நட்டுவிட்டார். ஒன்றும் புரியாமல் வெளியே வந்த அஞ்சலை அக்கா, விஷயம் கேட்டு "மாமா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சிலிண்டரோ லோடு இறக்கப் போயிருந்தார்.

எடுக்க எத்தனை மணி என்று கேட்க யாரோ சங்கராபுரத்துக்குப் போன் போட்டார்கள். போனை எடுத்தது அப்பா. யார் செத்தது என்று அவர் கேட்க, நீங்கதான் என்று போன் போட்டவர் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பெரியவர் வந்துவிட்டார். ஆட்டோவிலிருந்து இறங்கி, கூட்டத்தைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், என் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். "யாருக்குப்பா மாலை?" என்றார். வேறு வழி தெரியாமல் அவர் கழுத்திலேயே போட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சிலிண்டர் வந்து சேர்ந்தார். மீசை இருந்த இடம் உரித்த வெங்காயம் மாதிரி இருந்தது. என் கட்டுரை கையில் இல்லாதபோது அவர் முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலையைக் குனிந்துகொண்டு கடல், கார்டு, கண்ணாடி, தண்ணீர் என்று எல்லாவற்றையும் அப்பாவிடம் ஒப்பித்தார். கனமே தெரியாமல் நிற்கலாம் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். பெரியவர் மகனின் தாழ்ந்த தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரே எனக்கு எழவு கூட்டிடுச்சி. மாலையும் வாங்கிக்கினேன். இனிமே நீ அந்தக் கார்டு இல்லாம வந்தின்னா, நான் செத்ததே வீணாப் பூடும்டா" என்றார் பெரியவர். "எப்பப் போற? நானும் வரேன்."

மாலை வாங்கிய பாவத்துக்குப் பரிகாரமாக நானும் கூடப் போனேன். மீசை போய்விட்டது. ஆனால் சிரிப்பு? வழியெல்லாம் எனக்கு அதே கவலை. விழுப்புரத்தில் டீ குடிக்க இறங்கினபோது ஒரு வாத்து ரோட்டைக் கடந்தது. மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். பெரியவரும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலை, பெரியவர் கரையில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்துகொள்ள, நான் படகில் ஏறினேன். ஏறின ஐந்தாவது நிமிஷத்தில் வாந்தி எடுக்க ஆரம்பித்தேன். சிலிண்டரோ படகில் இருந்த ஒவ்வொரு சிலிண்டருக்கும் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தார். டீச்சரே கிண்ணத்தில் கரைத்து எடுத்து வந்திருந்தாள். அவளுக்குப் பழகிவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் படகு விளிம்பில் உட்கார்ந்து, அப்படியே மல்லாக்க விழுந்து தண்ணீருக்குள் போய்விட்டார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் குமிழிகள்தான். இரண்டு கொத்தாக மேலே வந்துகொண்டிருந்தன. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம். பன்னிரண்டு. பன்னிரண்டைத் தாண்டிவிட்டது! வாந்தியெல்லாம் மறந்துபோய் எழுந்து நின்றுவிட்டேன். பதினெட்டாவது நிமிஷம் ஒரு பக்கத்துக் குமிழி திடீரென்று பொங்கிக்கொண்டு வந்தது. போச்சு, சிரித்துவிட்டார் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த நொடி அந்தக் குமிழி சுத்தமாக நின்றுபோயிற்று.

கார்டாவது மண்ணாவது, ஆள் வந்தால் போதும் என்று படகோட்டியின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். இந்த மனிதர் எனக்கு இவ்வளவு வேண்டியவர் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. படகோட்டி வாயிலிருந்த பீடியை எடுக்காமல், "பாருங்க சார், மெதுவா மூச்சு வுடறாரு" என்றார். பார்த்தேன். ஒரு குமிழி. நிதானமாக இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

நாற்பது நிமிஷம் கழித்து மேலே வந்தார்கள். சிலிண்டர் இரண்டு கையையும் தலைக்கு மேல் வட்டமாகக் கோத்துக் காட்டினார். எல்லாம் சரி என்று அர்த்தம். டீச்சர் தண்ணீரிலிருந்தபடியே அவருக்குக் கை கொடுத்தாள். இரண்டு பேரும் படகில் ஏறினார்கள்.

"இன்னாங்க ஆச்சி நடுவுல?" என்று நானும் அவர் பாஷையிலேயே கத்தினேன்.

"ஒரு மீனு சார். எதிர்ல வந்து நின்னுச்சி. வாய்க்குக் கீழ ரெண்டு பக்கமும் மீச! எம் மீசதான் சார் அது, அச்சு அசலா அதேதான். நான் எடுத்துட்டு வந்து நிக்கறேன், அது வெச்சிக்கினு நிக்குது. அடிவயித்துலேர்ந்து சிரிப்பு பொங்கிக்கினு வந்துட்சி. கார்டு பூட்சி, அப்பா செத்தது வீணாப் பூட்சின்னு நெனச்சேன். அப்பதான் உங்க கட்டுர ஞாபகம் வந்துச்சி."

"என் கட்டுரையா?"

"ரயில்ல டிபன் கேரியர் மாறிப்போன கட்டுர எழுதினீங்களே, அத மொதல் வரிலேர்ந்து மனசுக்குள்ள சொல்லிக்கினே வந்தேன். சிரிப்பு கப்புனு நின்னுட்சி சார். அது முடிஞ்சதும் குடைக் கட்டுர. அதுக்கப்பறம் பல்லு டாக்டரு. எல்லாம் மனப்பாடம்தான் எனக்கு."

டீச்சர் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. எனக்கு வந்த கோபத்தில் மறுபடியும் குமட்டியது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. பல் டாக்டர் கட்டுரையின் முதல் வரி எழுதின எனக்கே ஞாபகம் இல்லை. என் பெண்டாட்டி பிள்ளைகள் அதைப் படித்தார்களா என்பதே சந்தேகம். ஒரு மனிதர் வாசற்படியில் உட்கார்ந்து அத்தனையையும் வரி விடாமல் நெஞ்சில் ஏற்றி வைத்திருக்கிறார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் தண்ணீருக்குள் விரலைவிட்டு மீசை மீனைத் தேடிக்கொண்டிருந்தார்.

மிச்ச முக்குளிப்புகளையும் முடித்து, கார்டை வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினோம். அதிலிருந்த மீசையில்லாத போட்டோவைப் பெரியவர் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்றார்.

இது நடந்து சில வருஷமாகிறது. எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. மீசை வளர்ந்து பழையபடி அவருக்கு முன்னால் தெருமுனையில் திரும்புகிறது. ஆனால் கடலுக்குப் போகும் வாரம் எடுத்துவிடுவார். எடுப்பதற்கு முன்னால் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார், அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவார். ஒவ்வொரு முக்குளிப்பையும் ஒரு நோட்டில் எழுதி, எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புவார். கடல் மீன்களின் பெயர் தெரியாததால் அவரே பெயர் வைத்துவிடுகிறார். தாசில்தார் மீன், கண்டக்டர் மீன், கோபக்கார மச்சான் மீன். இன்னும் எத்தனை தடவைதான் போவீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "ஒவ்வொரு வாட்டியும் ஒண்ணப் பாக்காம வுட்டுட்டு வந்துடறேன் சார், அதுக்கோசரம் மறுபடியும் போக வேண்டிதா கீது" என்றார்.

நேற்று போன் செய்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிறாராம், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் ஆழமாம். புதுசாக ஏதாவது எழுதினீங்களா சார், பழசெல்லாம் கீழே போய்ச் சேருகிறதுக்குள் தீர்ந்துபோகிறது என்றார். அதற்காகத்தான் ராவோடு ராவாக இதை எழுதி அனுப்புகிறேன். சிலிண்டர், இதையும் முதல் வரியிலிருந்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு இடத்தில்கூட நீங்கள் சிரிக்க வேண்டாம். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, பத்திரமாக மேலே வாருங்கள்.